தீ நல்லா இருக்கு

வேலையின் கடைசி நாளில் பலவேசம் மறக்காமல் சட்டைப் பையில் கொஞ்சம் பஞ்சு எடுத்து வைத்துக்கொண்டார். கொதிகலனுக்குப் பக்கத்தில் போகிறவன் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாவிட்டால் அன்று முழுக்க யார் பேசினாலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கும். அனல்மின் நிலையத்திலேயே வேலை பார்த்த காலத்தில், வீட்டுக்கு வந்ததும் அந்தப் பஞ்சைக் காதிலிருந்து எடுத்துக் குப்பைக்கூடையில் போடுவார். கரித்தூள் ஏறிக் கறுத்திருக்கும். "உங்க ஊருப் பருத்தி கறுப்பாத்தான் வெடிக்கும் போல" என்று மனைவி செண்பகவல்லி சிரிப்பாள்.

செண்பகவல்லி இப்போது முன்னறைச் சுவரில் படமாக இருந்தாள். படத்துக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அவள் இறந்த நான்கு வருடங்களில் அதை அவர் அணைத்ததே இல்லை. புறப்படுமுன் அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னைக்கோட நான் இறங்குதேன். நாளையிலேர்ந்து இது வேற ஆளு குடுக்க கரண்டு" என்றார். சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று ஜன்னலைப் பார்த்தார்.

செண்பகம் இறந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. புயல் கரை கடந்த நாள் அது. காற்றாலைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். வெயில் கிடையாது. கொதிகலனில் தீ தள்ளாடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிகளில் டீசல் ஜெனரேட்டர்களை எடுத்துவிட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அங்கே அவள் செயற்கை மூச்சில் கிடந்தாள். இவர் கட்டுப்பாட்டு அறையில் தன் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் தீ அணையும், தீ அணைந்தால் அவளுடைய மூச்சு இயந்திரமும் நிற்கும் என்று நம்பினார். சாயங்காலம் தீ நிலைப்பட்டபோது அவள் போயிருந்தாள். ஆனால் கடைசிவரை அந்த இயந்திரம் நிற்கவில்லை, வார்டில் விளக்கு அணையவில்லை. பக்கத்தில் இருக்க முடியவில்லை என்றாலும், அவளுடைய கடைசி மூச்சுகளுக்கு வேண்டிய மின்சாரத்தை நான்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நான்கு வருடங்களைக் கடந்திருந்தார்.

கட்டுப்பாட்டு மையம் திருநெல்வேலிக்கு வெளியே, புறவழிச்சாலையை ஒட்டி இருந்தது. கரி எரிக்கும் நிலையங்களை ஒவ்வொன்றாக மூடி, கடைசியில் சங்குமணல் கடற்கரையில் இருக்கும் ஒரேயொரு யூனிட் மட்டும் மிச்சம் என்ற நிலை வந்தபோது, ஊழியர்களை அங்கிருந்து இங்கே மாற்றினார்கள். அதற்கு ஒன்பது வருடம் இருக்கும். வெயில் இறங்கி, காற்றும் சோம்பிப்போகும் மாலை நேரங்களில் மாநிலத்தைத் தாங்கிப்பிடிக்க அந்த யூனிட் வேண்டும். அதைத் தூரத்திலிருந்தே இயக்கலாம். தூசியும் சூடும் இனி உங்களுக்கு வேண்டாம். அப்படித்தான் சொன்னார்கள். பன்னிரண்டு பேர், குளிரூட்டிய அறை, சுவர் நிறையத் திரைகள். மையத்துக்கு மாறிய புதிதில் செண்பகம் சட்டையைத் துவைக்க எடுத்து முகர்ந்து பார்த்து, "கரி வாசமே இல்லியே, ஆபீசருக்கு வாக்கப்பட்ட மாதிரி இருக்கு" என்றது அவருக்கு நினைவிருந்தது.

ஊரில் கேலி செய்யாதவர்கள் இல்லை. டீக்கடையில், "இன்னுமா அண்ணாச்சி கரியப் போட்டு எரிக்கீங்க? உலகமே வெயில்ல ஓடுது" என்பார்கள். "சாயங்காலம் உன் கடையில லைட்டு எரியுதுலா, அது எந்த வெயிலு?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டுவிட்டு டீயைக் கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடிப்பார்.

அன்று காலை அறைக்குள் நுழைந்ததும் கொம்பையா சத்தம் போட்டார். கொம்பையா கரி வந்துசேர்வதைப் பார்க்கும் மேசையில் இருப்பவர்.

"வாங்க மாப்பிள்ள! அண்ணாச்சி, தீயப் பாக்கையில ரொம்ப நெருங்கிராதீங்க. மீசையப் பொசுக்கிரும். சாயங்காலம் போட்டோ எடுக்கணும்லா."

அது அவர்களிடையே இருந்த ஒரு வழக்கம். ஓய்வு பெறுகிறவர் கடைசி நாளன்று நிலையத்துக்குப் போவார். உலையின் சுவரில் இருக்கும் பார்வைத் துவாரத்தைத் திறந்து, கண் கூசாமலிருக்க நீலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எரியும் தீயை ஒருமுறை பார்ப்பார். அந்தக் கண்ணாடியை அவருக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்தான் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். பார்த்துவிட்டுச் சாயங்காலம் மையத்துக்குத் திரும்பி, அறை வாசலில் நின்று, "தீ நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மாலை, மிக்சர், டீ எல்லாம். மையத்துக்கு மாறிய பின் அவர்கள் யாருக்கும் நிலையத்தை நேரில் பார்க்க அனுமதியில்லை. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். இந்த ஒரு வழக்கத்தை மட்டும் சங்கம் விடாப்பிடியாக நின்று காப்பாற்றி வைத்திருந்தது.

மேசை ஒலிபெருக்கி கரகரத்தது.

"சார், வணக்கம். இன்னைக்கு இங்க வாரீங்களாம்லா."

நிலையத்தில் கொதிகலன் அருகே நின்று இவர்கள் சொல்வதைச் செய்யும் இன்பராஜின் குரல் அது. ஒன்பது வருடமாகக் குரல் மட்டும்தான். செண்பகம் போன மறுவாரம் பலவேசம் வேலைக்குத் திரும்பியபோது அவன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "நான் லைன்லயே இருக்கேன் சார், நீங்க பேச வேண்டாம்" என்று மட்டும் சொன்னான். அன்று ஷிப்ட் முழுக்க அவன் மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வாரேன்லே. நீ கேட்ட கருப்பட்டி மிட்டாய் அரைக்கிலோ வாங்கியிருக்கேன். இன்னைக்காவது உன் மூஞ்சியக் காட்டு."

"காட்டுத மாதிரி மூஞ்சியா சார் இது?"

அறை சிரித்தது. ஷெர்லின் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய நாற்காலிக்கு அடுத்து வரப்போகிறவள் அவள்தான். கண்கள் சிவந்திருந்தன.

"பிள்ளைக்கு இன்னும் விடலியா?"

"ராத்திரி பூரா காய்ச்சல் மாமா. அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். அப்பா உங்களக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து பாத்துக்கிடுதேன்னாங்க."

"லீவு போட்டா என்ன பிள்ள?"

"நீங்க போட்டதே இல்லியே மாமா" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவரைப் பெருமையாகத்தான் பார்த்தாள்.

ஷெர்லினின் அப்பா சவரிராயன் மையத்தின் வாசலில் வண்டியோடு நின்றிருந்தார். பலவேசத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர். புயலுக்கு முந்தின வருடம் ஓய்வு பெற்றவர். அவருக்குப் பிறகு ஓய்வு பெறுவது இவர்தான். முப்பது வருடப் பழக்கம். செண்பகத்துக்கு மூச்சு முட்டிய அன்று கொட்டும் மழையில் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து நேராக பலவேசத்தின் வீட்டுக்கு வந்து, எதுவும் பேசாமல் பேப்பர் படித்துவிட்டுப் போவார். அந்த மௌனத்துக்காகவே பலவேசம் அவரை மதித்தார். துக்கம் தெரிந்தவர் என்று நினைத்தார்.

வண்டி ஓசையில்லாமல் போயிற்று. சாலையின் இருபுறமும் சூரியத் தகடுகள். அவற்றுக்கு அடியில் ஆடுகள் படுத்திருந்தன. தூரத்தில் காற்றாடிகள் மெதுவாகச் சுற்றின.

"என்னவே, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் பலவேசம்.

"ஒண்ணும் இல்ல."

"உம்ம கடைசி நாள்ல நீரு எவ்வளவு பேசினீரு தெரியுமா? போகையில பேசினீரு. திரும்பி வந்து வாசல்ல நின்னு சொன்னதோட சரி, மிக்சரக்கூட திங்கல. தீயப் பாத்த மயக்கம்னு கொம்பையா சொன்னான்."

சவரிராயன் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

புகைபோக்கி வெகுதூரத்திலேயே தெரிந்தது. அதிலிருந்து புகை வரவில்லை. வடிகட்டி போட்ட பிறகு புகை கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். கதவருகே ஒரு காவலாளி எழுந்து வணக்கம் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். பலவேசம் பஞ்சை இரண்டாகக் கிள்ளி உருட்டிக் காதுகளில் வைத்துக்கொண்டார். வண்டியை விட்டு இறங்கியதும் உடம்பு தானாக ஒரு அதிர்வுக்குத் தயாரானது. கரியை அரைக்கும் ஆலைகள் ஓடும்போது தரை காலுக்கடியில் நடுங்கும். அந்த நடுக்கம் முழங்கால்வரை ஏறும்.

தரை சும்மா கிடந்தது.

பஞ்சு நன்றாக அடைத்துவிட்டது என்று நினைத்தார். கொதிகலன் கட்டடத்துக்குள் இரும்புப் படிகளில் ஏறும்போது தன் செருப்புச் சத்தம் பஞ்சையும் மீறிக் கேட்டது. அது கேட்கக்கூடாத சத்தம். இந்தப் படியில் அவர் எத்தனையோ வருடங்கள் ஏறி இறங்கியிருக்கிறார். ஒருநாளும் தன் காலடியைக் கேட்டதில்லை. ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். பிறகு மற்றதையும் எடுத்தார். எங்கோ ஒரு புறா குனுகியது. அதற்கப்பால் கடல்.

சவரிராயன் இரண்டு படி கீழே நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியை நீட்டினார். தலையை நிமிர்த்தவில்லை.

துவாரத்துக்கு முன்னால் போனதும் பலவேசம் ஒருபக்கமாக ஒதுங்கி நின்றார். தீ சிலசமயம் வெளியே சீறும். நேராக நின்று திறக்கக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் உடம்பு அப்படித்தான் ஒதுங்கியது. மூடியைத் தொட்டார். குளிர்ந்திருந்தது. துரு ஏறிய கொக்கியை இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு முன் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

உள்ளே வெளிச்சம் இருந்தது. ஒரு கணம் தீதான் என்று நினைத்தார். பிறகு கண் பழகிற்று. உலையின் பின்சுவரை முழுவதுமாக வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த வழியாக வானம் தெரிந்தது. வானத்துக்குக் கீழே, கரி மலைமலையாகக் குவிந்து கிடந்த இடத்தில், கடல்வரைக்கும் சூரியத் தகடுகள் பரந்து கிடந்தன. நீலக் கண்ணாடிக்குள் எல்லாம் ராத்திரியைப்போல இருந்தன.

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். புறா ஒன்று உலைக்குள் குறுக்கே பறந்தது.

"எப்பமிருந்து?"

"நம்மள மையத்துக்கு மாத்துன அன்னைக்கே."

பலவேசம் மூடியைச் சாத்தினார். கொக்கியைப் பழையபடி மாட்டினார். இருவரும் இரும்புப் படியில் உட்கார்ந்தார்கள். காற்று உப்பாக வீசியது.

"அப்போ நாம ஓட்டுனது என்ன?"

"பொம்மத் தீ. எல்லாம் கம்ப்யூட்டர் போடுத கணக்கு. கரி, காத்து, சூடு எல்லாமே."

"எதுக்கு?"

"வெயிலு, காத்தாடி, பேட்டரி, இதையெல்லாம் சேத்துக் கட்டி மேய்க்க ஒரு மெஷின் வெச்சிருக்காங்க. நல்ல நாள்ல அது தானே பாத்துக்கிடும். மோசமான நாள்ல எதப் பிடிக்கணும், எத விடணும்னு அதுக்குத் தெரியல. மனுசன் கையப் பாத்துக் கத்துக்கிடுது. சும்மா செய்யுத கை இல்லவே. பயந்து செய்யுத கை. பொய்த் தீன்னு தெரிஞ்சா நாம பயப்படுவமா? அதான் சொல்லல."

"இன்பராஜ்?"

சவரிராயன் இவருடைய மடியில் இருந்த மிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"சொல்லும்வே. அந்தப் பய எங்க?"

"அதுவும் மெஷின்தான்."

பலவேசம் பொட்டலத்தின் நூலைப் பிரித்தார். மறுபடி கட்டினார்.

"மேசையில திரைக்கு மேல ஒரு கண்ணு இருக்குலா, அது உம்ம கை நடுங்குதான்னு பாக்கும்" என்று சவரிராயன் தொடர்ந்தார். ஆரம்பித்த பின் அவரால் நிறுத்த முடியவில்லை. "அப்பப்ப தீ தள்ளாடுமே, அதுக்குப் பேரு பாடம். யாருக்கு எப்ப பாடம் நடத்தணும்னு அதுவே முடிவு பண்ணும். மனசு ரெண்டாக் கெடக்குத நேரமாப் பாத்து நடத்தும். வீட்ல பிரச்சனை, போன் அடிக்கி, அப்படி இருக்கையில. அப்பத்தான் மனுசன் எத விடமாட்டான்னு தெரியும்னு சொன்னாங்க. உள்ள வார போன் எல்லாம் அதுக்குத் தெரியும்."

பலவேசம் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். இந்தப் பார்வைக்குப் பயந்துதான் காலையிலிருந்து சவரிராயன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புயல் அன்னைக்கு?"

சவரிராயன் படியின் துருவை விரலால் சுரண்டினார்.

"புயல் நெசம். தீ தள்ளாடுனது?"

"பாடம்தான்."

"அவ மூச்சு எந்தக் கரண்டுலவே ஓடுச்சு?"

"பேட்டரி. வடக்கேர்ந்து வந்த கரண்டு. நமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

கடல் ஒருமுறை அலையை எடுத்துப் போட்டது. பலவேசத்துக்குத் தன் வீட்டுச் சிவப்பு பல்பு நினைவுக்கு வந்தது. அதன் எதிரில் நின்று காலையில் சொன்ன சொல்லும் நினைவுக்கு வந்தது. முகம் எரிந்தது. யாரும் இல்லாத அறையில் பேசியதற்கே இவ்வளவு வெட்கமா என்று இருந்தது.

பிறகு இன்னொன்று அவருக்குள் மெல்ல எழுந்தது. விரல் விட்டு எண்ணத் தேவையில்லாத சின்னக் கணக்கு அது.

"நீரு எப்ப இதப் பாத்தீரு?"

"என் கடைசி நாள்ல."

"அதாவது, புயலுக்கு முந்தின வருசம்."

சவரிராயன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து எனக்கு போன் போட்டது நீருதானவே? 'வந்துரும், அவ உம்மத்தான் தேடுதா'ன்னு சொன்னீரு. தீய விட்டுட்டு எப்படிவே வரன்னு நான் கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. மழையில லைன் கட்டாயிட்டுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"கட்டாகல" என்றார் சவரிராயன்.

"தெரியும். இப்பத் தெரியுது."

"நான் சொல்லத்தான் வாயெடுத்தேன்வே. அப்பத்தான் ஷெர்லினை உள்ள எடுத்திருந்தாங்க. ஒருத்தர் வாயத் தொறந்தாலும் அன்னைக்கே மையத்த மூடிருவோம்னு சொல்லித்தான் எனக்கு உலையையே காட்டுனாங்க. எனக்கு முன்னால பாத்தவங்களுக்கும் அப்படித்தான். அத்தனை பேரும் வாசல்ல வந்து நின்னு, தீ நல்லா இருக்குன்னாங்க. பன்னெண்டு குடும்பம்வே."

"அதுல என் குடும்பமும் ஒண்ணுதானவே" என்றார் பலவேசம்.

நிழல் ஒரு படி இறங்கியது. சவரிராயன் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார்.

"போன வருசம் அதவிடப் பெரிய புயல் வந்துச்சுலா. ஒரு வீட்ல கூட விளக்கு அணையல. அது உம்ம கைதான்வே. நீரு அன்னைக்குச் செஞ்சதப் பாத்துத்தான் அது செஞ்சுது. மாநிலம் பூரா உம்ம கைதான் ஓடுது."

"எந்திரிக்காம இருந்த கை" என்றார் பலவேசம்.

சவரிராயனின் போன் அடித்தது. அவர் மனைவி. பேத்திக்கு ஜன்னி வந்துவிட்டது என்று அழுதாள். இருவரும் படிகளில் இறங்கி ஓடினார்கள். வண்டியில் ஏறும்போதுதான் மிட்டாய்ப் பொட்டலத்தைப் படியிலேயே விட்டுவிட்டோம் என்று பலவேசத்துக்கு நினைவு வந்தது. திரும்பிப் போகவில்லை.

வழியில் சவரிராயன் வீட்டுக்கு முன் நிறுத்தி, பேத்தியையும் பாட்டியையும் ஏற்றிக்கொண்டார்கள். பிள்ளையின் உடம்பு பலவேசத்தின் முழங்கையில் பட்டபோது சுட்டது. மைய வாசலில் அவரை இறக்கிவிட்டபோது சவரிராயன் வண்டிக் கண்ணாடியை இறக்கி, "உள்ள போய் என்ன சொல்லப் போறீரு?" என்று கேட்டார். பலவேசம் பிள்ளையைக் காட்டி, போய்க்கொண்டே ஷெர்லினுக்குப் போன் போடச் சொன்னார்.

அறை வாசலில் மாலையும் காகிதத் தட்டுகளில் மிக்சரும் தயாராக இருந்தன. யாரும் அவற்றின் அருகில் இல்லை. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே அபாய மணி அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அவரவர் திரைக்கு முன் குனிந்திருந்தார்கள். பலவேசத்தின் நாற்காலியில் ஷெர்லின். அவளுக்கு முன்னால் பெரிய திரையில் தீ தள்ளாடியது. ஆரஞ்சு நிறத்தில் சுருங்கி, விரிந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து.

அவளுடைய போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரு கையால், தீயைத் தாங்கிப்பிடிக்க விடும் எண்ணெயின் வால்வைத் திறந்தபடி, தோளில் போனை இடுக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்கப்பா... அய்யோ... இப்ப எப்படி இருக்கா? ... அப்பா, இங்க தீ நிக்கல. தீய விட்டுட்டு எப்படிப்பா வர?"

அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் இல்லை. "அப்பா? அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் ஷெர்லின்.

பலவேசம் அவள் தோளிலிருந்து போனை எடுத்தார்.

"சவரி, நான்தான் பேசுதேன். உம்ம மகதான் கேக்கா. இப்பவாது சொல்லும்."

மூச்சு கேட்டது. பிள்ளை முனகுவது கேட்டது. வண்டிக்குள் பாட்டி அழுவது கேட்டது. சவரிராயன் இருந்தார். ஆனால் பேசவில்லை.

பலவேசம் போனை அணைத்து அவளிடம் கொடுத்தார்.

"எந்திரிம்மா. பிள்ளகிட்டப் போ."

"மாமா, தீ..."

"நான் இருக்கேன்லா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதர் இருக்கும்போது தீ அணைந்ததில்லை. பெண்டாட்டி செத்துக்கொண்டிருந்தபோதுகூட அணையவிட்டதில்லை. அவள் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, தடுக்கியபடி ஓடினாள். மிக்சர்த் தட்டு ஒன்று கவிழ்ந்தது.

பலவேசம் உட்கார்ந்தார். நாற்காலியில் அவள் சூடு இருந்தது. கைகள் தாமாகவே விசைகளுக்குப் போயின. எந்த எண்ணெய்க் குழாயை எந்த வரிசையில் திறக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். திரைக்கு மேலே ஒரு பட்டாணி அளவுக்குக் கறுப்புக் கண் இருந்தது. ஒன்பது வருடமாக அதைத் திருட்டுக்குப் பயந்து வைத்தது என்று நினைத்திருந்தார்.

"சார்!" ஒலிபெருக்கி பதறியது. "வந்துட்டீங்களா சார்! எண்ணெய் விடுங்க சார், தீ போகுது! இங்க ஆளுங்க நிக்காங்க சார், சீக்கிரம்!"

எவ்வளவு உண்மையான பயம் அந்தக் குரலில். அவருடைய பயத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் அது இப்படிப் பயப்படக் கற்றிருக்க வேண்டும்.

"இன்பராஜ்."

"சார்!"

"அன்னைக்கு ஷிப்ட் பூரா லைன்ல இருந்தியே, அவ செத்த மறுவாரம்."

குரல் ஒரு நொடி நின்றது. "சார், தீ..."

"தெரியும்லே" என்றார் பலவேசம்.

கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவை கொஞ்ச நேரம் நடுங்கின. அந்தக் கறுப்புக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி வைத்திருந்தார். கூப்பிட்டவர்களிடம் போவதற்காக ஒருத்தி எழுந்ததையும் அது பார்த்திருக்கும். அதையும் படிக்கட்டும் என்று நினைத்தார்.

"அண்ணாச்சி! என்ன செய்யுதீங்க!" கொம்பையா தன் மேசையிலிருந்து கத்தினார். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். அவர் வந்து சேர்வதற்குள் தீ ஒருமுறை சுருங்கிற்று. ஒரு மூலையில் பொட்டாக நின்றது. போயிற்று.

எல்லா மணிகளும் ஒன்றாக அடித்து, ஒன்றாக ஓய்ந்தன. ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தமும் இல்லை. திரைகள் வரிசையாகக் கறுத்தன. அறையில் இருந்த அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். தென்மாவட்டம் முழுவதும் இருட்டு. அதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்கள்.

குளிரூட்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கூரையில் குழல்விளக்குகள் எரிந்தன. ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே புறவழிச்சாலையில், வழக்கமான நேரத்துக்கு, தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போயின.

கொம்பையா வெகுநேரம் அந்தத் தெருவிளக்குகளைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். கடைசியில்தான் பலவேசத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி... தீ எப்படி இருந்துச்சு?"

வாசலில் நின்று சொல்ல வேண்டிய வாக்கியம் பலவேசத்தின் தொண்டைவரைக்கும் வந்தது. அவர் சட்டைப் பைக்குள் கையைவிட்டு, காதிலிருந்து எடுத்து வைத்திருந்த பஞ்சை எடுத்தார். கொம்பையாவின் உள்ளங்கையில் வைத்தார்.

நிலையத்தில் வேலை பார்த்த மனிதன் கொம்பையா. அந்த உருண்டையைப் பிரித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இன்னும் பிரித்தார், நடுவில் எங்காவது கொஞ்சமாவது கறுத்திருக்காதா என்று.